பதினாலாவது செவ்வாய்க்கிழமை

சிலுவைமுனையில் எட்வின் துரை எதை வரைந்தாலும் அது இருந்த இடத்தில் இருக்காது. சாயங்காலம் அவர் கையாலேயே அந்தச் சாயத்தைச் சுரண்டி எடுத்தால் திரும்பி வந்துவிடும். ஒன்பது வருடமாக இப்படித்தான். இதில் வாய் பிளக்க ஒன்றுமில்லை. வெளியூர்க்காரன் பிளப்பான், அவனுக்கு வேறு வேலையில்லை.

துரை என்பது ஊர் கேலிக்கு வைத்த பட்டம். ஆள் வட இங்கிலாந்தில் ஒரு நிலக்கரி ஊரில், மீன் பொரித்து விற்கிற கடைக்காரருக்கு மூன்றாவது பிள்ளையாகப் பிறந்து, லண்டனில் படித்து, பேரெடுத்து, பேரெடுத்ததே தொல்லையாகிப் போனவர். காலையில் அப்பின சாயத்தைச் சாயங்காலம் கத்தியால் வழித்துப் பழைய பேப்பரில் துடைத்து எறிந்து, மறுநாள் முதலிலிருந்து தொடங்கி, அதையும் வழித்து, இப்படியே அறுபது வருடம் ஓட்டி, எழுபத்தைந்து வயதில் இதை முடித்தேன் என்று ஒரு படத்தைக்கூடக் காட்ட முடியாதவர். அவர் பேரில் உலகத்தில் தொங்குகிற படமெல்லாம், அவர் கத்தியை எடுப்பதற்குள் படக்கடைக்காரர்கள் பிடுங்கிக்கொண்டு ஓடினவை. அவர்கள் கைக்கு எட்டாத இடமாகப் பார்த்துத்தான் சிலுவைமுனைக்கு வந்து, மோட்டார் மெக்கானிக் கஸ்பாருடைய பழைய கருவாட்டுக் கிட்டங்கியை வாடகைக்கு எடுத்து, வடக்குப் பக்கம் ஒரு பெரிய ஜன்னலை உடைத்து வைத்துக்கொண்டார்.

கஸ்பார் பேசுகிற ஆள் இல்லை. மீன்பிடி வள்ளங்களில் மாட்டுகிற மோட்டாரைக் காதால் கேட்டே கோளாறு சொல்வார், அதையும் இரண்டு வார்த்தையில் சொல்வார். அவர் பேசாததையெல்லாம் சேர்த்து அவர் பெண்சாதி பிரிஜித்தா பேசினாள். ஊரில் எந்த வீட்டில் என்ன குழம்பு, எந்த மருமகள் எதற்கு முகத்தைத் தூக்கினாள், சாமியாருக்கு எந்தப் பல் வலி, எல்லாம் அவள் வாய் வழியாகத்தான் ஊருக்குத் தெரியும். துரைக்குச் சோறு கொடுத்ததும் அவள்தான், தமிழ் கொடுத்ததும் அவள்தான். அவளிடம் படித்ததால், அவள் கஸ்பாரைக் கூப்பிடுகிற மாதிரியேதான் துரையும் கூப்பிட்டார்.

"இங்கேருங்க, சாப்டீகளா?" என்று அந்த ஆறடி வெள்ளைக்காரர் தெருவில் நின்று கேட்கும்போது, வலை பின்னுகிறவர்கள் வலையை முகத்தில் போட்டுக்கொண்டு சிரிப்பார்கள். கஸ்பார் திருத்தவில்லை. திருத்தினால் பேசவேண்டி வரும்.

முதலில் போனது கோயில் மணிக்கூண்டு. ஒரு வியாழக்கிழமை காலை துரை நாற்காலியைத் தெருவில் போட்டு வரைய ஆரம்பித்தார். பத்தரை மணிக்கு மணிக்கூண்டின் முன்பக்கம் இல்லை. பின்பக்கம் இருந்தது. துரைக்கு ஒரு சட்டம் உண்டு, கண்ணால் பார்க்காததைப் போடக்கூடாது. அவர் உட்கார்ந்த இடத்திலிருந்து முன்பக்கம்தான் தெரியும். ஆகவே கடல் பக்கத்துச் சுவர் மட்டும் ஒற்றையாக நின்றது, புறாக்கள் அதில் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்து ஒன்றையொன்று திட்டின. சாமியாருக்கு அடுத்தபடியாகக் கோயிலைக் கவனிக்கிற உபதேசியார் இன்னாசி தலைப்பாகையைக் கழற்றித் தலையைச் சொறிந்து பார்த்துவிட்டு, ஒரு தண்டவாளத் துண்டை வேப்பமரத்தில் கட்டி அடித்து மத்தியானச் செபத்தை முடித்தார். ஐந்து மணிக்குத் துரை வழித்து எடுத்தார். மணிக்கூண்டு வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் சாமியார், கல்யாண ஓலை வாசித்த கையோடு, "துரை இந்த வாரம் வரையப்போகிறது பஸ் நிறுத்தம், பஸ் ஐஸ் கம்பெனி முன்னால் நிற்கும்" என்று வாசித்தார். அவ்வளவுதான் ஊர் எடுத்துக்கொண்ட சிரமம்.

பிறகு ஊருக்கு உபயோகம் தெரிந்துவிட்டது. முகத்துவாரத்தில் வள்ளங்களைக் கவிழ்க்கிற அலை ஒன்று உண்டு, தலைமுறையாய் அது ஊரைப் படுத்தியது. பெரிய ஆட்கள் நாலு பேர் போய்த் துரையிடம் அதை மட்டும் காலையில் வரையச் சொன்னார்கள். வள்ளங்கள் தாம்பாளத்தில் வழுக்குகிற மாதிரி வெளியே போயின. சாயங்காலம் அலை திரும்பி வந்து, கரையில் சீட்டாடிக்கொண்டிருந்தவர்களை ஆசையோடு புரட்டிப்போட்டது. அதற்கும் துரையைத்தான் திட்டினார்கள்.

இரண்டு காரியம் ஊர் பட்டுத் தெரிந்துகொண்டது. ஒன்று, துரை தவிர வேறு கை சுரண்டக்கூடாது. திருநாளுக்கு நேரமாகிறதென்று உபதேசியார் தானே கத்தியை எடுத்துப் படத்திலிருந்த கோயில் சிலுவையைச் சுரண்டினார்; அது சாய்ந்து வந்தது, இன்றைக்கும் சாய்ந்துதான் நிற்கிறது. வெளியூரிலிருந்து வேன் பிடித்து வந்து அதற்கு மெழுகுவர்த்தி கொளுத்துகிறார்கள். கஸ்பாருக்கு அதில் வியப்பில்லை. "கழட்டினவன்தான் மாட்டணும்," என்றார். இன்னொன்று, கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கிற மாதங்களில் ஆறு மணிக்குள் சுரண்டிவிட வேண்டும். துரை சாயத்தில் கலக்கிற ஏதோ ஒரு எண்ணெய் அந்தக் காற்றில் தோல் கட்டிவிடும். துரைக்குக் காய்ச்சல் கண்ட ஒரு நாள் தபால்பெட்டி ஆறரைக்குத்தான் வந்தது. வாய் மூடிப்போய் வந்தது. இப்போதும் நிற்கிறது, சிவப்பாய், லட்சணமாய். கடிதத்தைத் தபால்காரம்மா கையில்தான் கொடுக்கவேண்டும்.

"உம்ம ஊர்லயும் இப்படித்தானாவே?" என்று கஸ்பார் ஒரு தடவை கேட்டார். அந்த வருடத்தில் அவர் கேட்ட பெரிய கேள்வி அதுதான்.

"ஆமாங்க," என்றார் துரை. "எங்க ஊருல புகைக்கூண்டு, சுரங்கம், கப்பல் கட்டுற துறை எதாவது மிச்சம் இருக்கா பாருங்க. பெயிண்டர்மாரு அங்க ரொம்ப ஜாஸ்தி." கொஞ்சம் பொறுத்து, "எம் பொண்டாட்டியும் போயிட்டா. மார்கரெட்டு. சுரண்டுறதுக்குள்ள படக்கடைக்காரன் தூக்கிட்டுப் போயிட்டான். இப்ப மியூசியத்துல ரெண்டாவது மாடியில இருக்கா. நல்லாத்தான் வச்சிருக்காக, குளுகுளுன்னு. திங்கக்கிழமை மட்டும் லீவு."

கஸ்பார் ஸ்பானரைத் துடைத்தார். வேறு என்ன செய்வது.

இந்த விவரமெல்லாம் தெரிந்தேதான் பிரிஜித்தா படத்துக்கு உட்காரச் சம்மதித்தாள். வாரம் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை, பத்து மணிக்குச் செருப்பைக் கிட்டங்கி வாசலில் கழற்றிவிட்டுப் போய்ப் பிரம்பு நாற்காலியில் உட்காருவாள். வலது கையை முந்தானைக்குள் போட்டுக்கொள்வாள். அது அவள் பழக்கம், கோயிலிலும் அப்படித்தான். துரை முதல் ஒரு மணி நேரம் அவளைப் பார்ப்பார், பிறகு படத்தைத்தான் பார்ப்பார், நாற்காலிப் பக்கம் திரும்பமாட்டார். முதல் செவ்வாய் முகம் மட்டும்தான் முடிந்தது, முகம் மட்டும்தான் போனது. மணிக்கூண்டு மாதிரிப் பின்பக்கம் மிச்சமாகவில்லை; ஆள் என்றால் முன்னும் பின்னும் சேர்ந்தேதான் போகும். மீதி பிரிஜித்தா எழுந்து வீட்டுக்கு வந்து மீனைக் கழுவி வைத்துவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்தாள். வாய் இல்லாததால் வேலை சுருக்காக முடிந்தது. மூன்றாவது செவ்வாய் தோள் வரைக்கும் போனது, ஆறாவது செவ்வாய் சேலை மடிப்பு வரைக்கும், பத்தாவது செவ்வாய் பாதம் வரைக்கும். கைகள்தான் எப்போதும் மிச்சம். கைகள் இரண்டும் நாற்காலியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்ததாக, பிரிஜித்தாவின் தங்கை லூர்தம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். நல்ல பூண்டாம்.

ஐந்து மணிக்கு முழுசாகத் திரும்பினதும் கதை ஆரம்பமாகும்.

"படத்துக்குள்ள என்னக்கா இருக்கு?" என்பாள் லூர்தம்மாள்.

"ஒரு வேலையும் இல்லட்டி. அடுப்பு இல்ல, பானை இல்ல, 'உப்பு எங்க, சட்டை எங்க'ன்னு கேக்க ஆள் இல்ல. மகராசி மாதிரி இருக்கேன்." கஸ்பார் பக்கம் பார்க்காமல்தான் சொல்வாள்.

கஸ்பாருக்கும் செவ்வாய்க்கிழமை பிடித்திருந்தது. பட்டறையில் மோட்டார் சத்தம் ஒழுங்காகக் கேட்டது. ஊர் கேலி செய்தது, "கஸ்பாரண்ணனுக்கு இன்னைக்கு ரெண்டாவது ஞாயித்துக்கிழமை" என்று. அவரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மூன்று மணிக்கு மேல் மோட்டார் சத்தம் மட்டுமே கேட்கிற பட்டறையில் அவருக்கு ஒரு கோளாறும் பிடிபடாது. நாலே முக்காலுக்கே போய்க் கிட்டங்கி வாசலில், அவள் செருப்புக்குப் பக்கத்தில், மழைக்கு ஒதுங்கினவர் மாதிரி நின்றுகொள்வார். மழை ஒன்றும் பெய்யாது.

பதினாலாவது செவ்வாய்க்கிழமையும் அப்படி நின்றார். ஐந்தாயிற்று. கத்திச் சத்தம் கேட்கவில்லை. ஐந்தேகாலுக்கு உள்ளே போனார். துரை கையில் கத்தி இல்லை. கைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு படத்துக்கு முன்னால் நின்றார், முகம் நனைந்திருந்தது.

"இங்கேருங்க," என்றார் துரை. "முடிஞ்சிட்டுது."

"என்னது?"

"படம். கையும் போட்டாச்சு. அறுபது வருசம். முத தடவை. இதுல ஒரு தப்பு இல்லங்க."

கஸ்பார் படத்தைப் பார்த்தார். சாயம் விரல் கனத்துக்கு அப்பிக் கிடந்தது, பக்கத்தில் போனால் சேறு, தள்ளி நின்றால் பிரிஜித்தா. அவள் இவரைப் பார்த்தாள். நாற்பத்து மூன்று வருடத்தில் அவ்வளவு சாந்தமாக அவள் பார்த்ததே இல்லை.

"சுரண்டும்வே."

"எப்படிச் சுரண்ட? நீங்களே சொல்லுங்க. தப்பு இல்லாத மோட்டாரைக் கழட்டுவீகளா?"

கஸ்பார் கழற்றமாட்டார்.

"மார்கரெட்டுக்குப் பக்கத்துல வைக்கச் சொல்றேன்," என்றார் துரை மெதுவாக. மனசறிந்து கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான். "ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருப்பாக. நீங்க போய்ப் பாக்கலாம். திங்கக்கிழமை மட்டும்…"

"லீவு," என்றார் கஸ்பார்.

செய்தி பரவ ஐந்து நிமிடம் ஆனது. பிரிஜித்தா இருந்திருந்தால் ஒரு நிமிடம் போதும். ஜன்னலில் ஊர் முழுக்க முகமாய் அடைத்தது. உபதேசியாரும் லூர்தம்மாளும் உள்ளே வந்துவிட்டார்கள். துரை ஒரு வார்த்தை கொடுத்தார், அதற்கு ஊரே சாட்சி: ஆறு மணி அடிக்கிறதுக்குள் மெய்யாக ஒரு தப்பு காட்டினால் தன் கையால் வழித்துவிடுவார். பொய்த் தப்பு செல்லாது. வாழ்நாள் முழுக்கப் படத்தைப் பற்றிப் பொய் சொல்கிறவர்கள் நடுவில் இருந்தவர், மூக்கிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

"அக்கா இவ்வளவு கறுப்பில்ல," என்றாள் லூர்தம்மாள்.

துரை அவள் கையைப் பிடித்துப் படத்துக்குப் பக்கத்தில் வைத்தார். உடன்பிறந்த நிறம் அச்சாக இருந்தது. லூர்தம்மாள் கையை உதறிக்கொண்டு பின்னால் போனாள்.

"மூக்கு நீளம்," என்றார் உபதேசியார்.

"அவ மூக்கு நீளந்தான் ஓய்!" என்று ஜன்னல் முழுக்கச் சொன்னது. எத்தனை வீட்டில் நுழைந்த மூக்கு.

காதைச் சொன்னார்கள், இமையைச் சொன்னார்கள், மருவைச் சொன்னார்கள், கழுத்துக் கயிற்றைச் சொன்னார்கள். துரை ஒவ்வொன்றையும் பொறுமையாக எடுத்து ஆராய்ந்து, வருத்தத்தோடு, சரியாகத்தான் இருக்கிறது என்றார். ஐந்தே முக்கால். கடல் பக்கமிருந்து கச்சான் உள்ளே வந்தது. படத்தின் ஓரத்தில் சாயம் மினுக்கம் குறைந்து தோல் கட்ட ஆரம்பித்தது.

எல்லாரும் கஸ்பாரைப் பார்த்தார்கள். கஸ்பாருக்கு ஒன்றும் தெரியவில்லை. மோட்டாரைப் பார்க்கிற மாதிரி ஒரு முனையிலிருந்து தொடங்கிப் பார்த்தார். நெற்றி. இடது புருவம் வலதைவிட உயரம்; அப்படித்தானா? இருக்கும். நாடியில் ஒரு குழி, எப்போதிருந்து? தெரியாது. மூவாயிரம் மோட்டாரில் எந்தத் திருகு எங்கே என்று சொல்கிற மனிதர், சொந்தப் பெண்சாதியின் கண் கறுப்பா பழுப்பா என்று அந்த அந்நியர் வரைந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். பழுப்பு. முட்டி வலிக்க, உட்கார இடம் தேடித் திரும்பினார்.

"பார்த்து, மச்சான்," என்றாள் லூர்தம்மாள். "நாற்காலியில யாரோ இஞ்சித் துண்டப் போட்டு வச்சிருக்காக. நான் அப்பவே தூத்துப் போட நெனச்சேன்."

பிரம்பு நாற்காலியின் கைப்பிடியில் அது கிடந்தது. கஸ்பார் குனிந்தார். இஞ்சி இல்லை. விரல். வலது கை மோதிர விரல், நடுக்கணுவில் வளைந்தது, வேறொன்றும் கூட இல்லாமல், தன் பாட்டுக்குக் கைப்பிடியில் பொறுமையில்லாமல் தட்டிக்கொண்டிருந்தது. சோறு தாமதமானால் கஸ்பார் தட்டுவாரே, அதே தாளம்.

அவர் கையை நீட்டினார். விரல் வந்து அவருடைய சுண்டுவிரலில் கொக்கி மாதிரி மாட்டிக்கொண்டது. சூடாக இருந்தது.

அப்புறம் படத்தைப் பார்த்தார். மடியில் இரண்டு கையும் விரித்து வைத்திருந்தாள் பிரிஜித்தா. பத்து விரலும் ஈர்க்குச்சி மாதிரி நேர்.

தப்பு தெரிந்துவிட்டது. அதைச் சொன்னால் மற்றதையும் சொல்லவேண்டும், ஊர் முழுக்க ஜன்னலில் நிற்கிறது. கஸ்பார் தொண்டையைச் செருமினார். அவர் தொண்டையைச் செருமினதைக் கேட்டே பலர் பயந்துபோனார்கள்.

"அந்த விரல் நிமிராது," என்றார்.

துரை திரும்பினார். "எந்த விரல்?"

"இது. பாத்தீரா நீர்? ஒரு நாளாவது பாத்தீரா?"

துரை விரலைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி விரலைப் பார்த்தார். "முந்தானைக்குள்ள வச்சிருந்தா," என்றார் மெதுவாக. "பதினாலு வாரமும். நான் இடது கையைப் பாத்து வலது கையைப் போட்டுட்டேன்."

"அது ஏன்வே வளைஞ்சிருக்கு?" என்றார் உபதேசியார், கேட்கவேண்டாத நேரத்தில் கேட்கிறதுதான் அவர் வேலை. "நமக்கெல்லாம் தெரியாம?"

"நான்தான்."

ஜன்னல் அசையவில்லை.

"எண்பத்தஞ்சுல. மோட்டார் மூடியைத் தூக்கிப் புடிச்சிக்கிட்டிருந்தா. நான் பாக்காம விட்டுட்டேன். ஒண்ணுமில்லன்னு சொன்னா. துணியச் சுத்திக்கிட்டா. அன்னைக்கும் சோறு அவதான் பொங்குனா. ஒண்ணுமில்லைன்னா ஒண்ணுமில்லன்னு நானும் இருந்துட்டேன். கேக்கல. இன்னைய வரைக்கும் கேக்கல."

அவர் வாயிலிருந்து அத்தனை வார்த்தை ஒரே மூச்சில் வந்ததை ஊர் அதற்கு முன்னால் கேட்டதில்லை. ஆனால் ஊர் மூச்சடைத்து நின்றது அதற்கல்ல.

"அருவாமனை வெட்டுன்னு ஒரு பொய்கூட அக்கா எங்கிட்டச் சொல்லல," என்றாள் லூர்தம்மாள். "எங்கிட்டயே சொல்லல."

"யாருகிட்டயும் சொல்லல?" என்றார் உபதேசியார்.

"சொல்லல," என்றார் கஸ்பார்.

மணிக்கூண்டு போனபோது அசையாத ஊர், அலை போனபோது சீட்டாடின ஊர், அன்றைக்குத்தான் வாய் பிளந்தது. பிரிஜித்தா ஒரு விஷயத்தை நாற்பது வருடமாக யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். கிழவர்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள்.

துரை கத்தியை எடுத்தார். எடுத்துவிட்டு ஒரு நிமிடம் படத்தைப் பார்த்தார். அந்த ஒரு நிமிடத்தில் யாரும் குறுக்கிடவில்லை, அறுபது வருடத்தில் அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான். "கண்ணால பாக்காததைப் போட்டுட்டேங்க," என்று கஸ்பாரிடம் சொல்லிவிட்டு, கடைசியாகப் போட்டதை முதலில் எடுத்து, மேலே மேலே வழித்துக்கொண்டு போனார். கைகள் வந்தன. கஸ்பாரின் சுண்டுவிரலில் மாட்டியிருந்த விரலுக்குப் பின்னால் உள்ளங்கை வந்தது, மணிக்கட்டு வந்தது, கண்ணாடி வளையல் வந்தது. பாதம், சேலை, தோள். முகம்தான் முதலில் போட்டது, ஆகவே முகம் கடைசி. அதிலும் வாயில்தான் துரை தொடங்கியிருந்தார், ஆகவே வாய் எல்லாவற்றுக்கும் கடைசி. கண் முதலில் வந்து எல்லாரையும் பார்த்தது. ஜன்னலைப் பார்த்தது, தங்கை அழுகிறதைப் பார்த்தது, தன் வளைந்த விரல் முந்தானைக்கு வெளியே, ஊரறிய, கஸ்பார் கையில் இருப்பதைப் பார்த்தது.

துரை கடைசி வழிப்பை வழித்துப் பேப்பரில் துடைத்தார். ஆறு மணி அடித்தது. தண்டவாளம் இல்லை, நல்ல மணி. ஊர் முழுக்க அந்த வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"ஒருவழியா வாயத் தொறந்துட்டீகளாக்கும்," என்றாள் பிரிஜித்தா.

கஸ்பார் தலையை ஆட்டினார். அன்றைக்கு இருந்த வார்த்தையெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. கையை மட்டும் விடவில்லை. செருப்பு மாட்டும்போதும் விடவில்லை, அதனால் அவள் ஒரு காலில் நொண்டி மாட்டவேண்டி வந்தது, அதற்கும் திட்டினாள், வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே போனாள். கேட்க நன்றாக இருந்தது.

அடுத்த செவ்வாயும் போய் உட்கார்ந்தாள். போகாதே என்று கஸ்பார் சொல்லவில்லை, ஆனால் ஒரு முக்காலியைக் கொண்டுபோய்க் கிட்டங்கிக்குள் போட்டு, மோட்டார் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பிரிஜித்தா வலது கையை முந்தானைக்கு வெளியே எடுத்து நாற்காலிக் கைப்பிடியில் வைத்தாள். துரை இந்தத் தடவை விரலிலிருந்து தொடங்கினார். அன்றிலிருந்து செவ்வாய்தோறும் காலை முழுக்க அந்த ஒற்றை விரலையே போடுகிறார். விரல் மட்டும் போகிறது, மீதி பிரிஜித்தா வாயோடும் மற்ற ஒன்பது விரலோடும் அங்கேயே உட்கார்ந்து ஊர்க் கதை பேசுகிறாள். ஐந்து மணிக்கு, சரியில்லை என்று வழித்துவிடுகிறார். மூன்று வருடமாகிறது. அந்த வளைவு அவருக்குப் பிடிபடவில்லை.

பிடிபடாது என்கிறார் கஸ்பார். வளைத்தவருக்குத்தானே தெரியும்.